கட்டிலை மறுபடி உள்ளே வை

என் சித்தி பொய் சொல்லமாட்டாள். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லப்போவதைக் கேட்டால் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரும். வேலைக்காலம் முழுவதும் தொலைக்காட்சியில் இருந்தாள். ஒரு கதைப் படம் எடுத்ததில்லை. ஒரு நடிகருக்கு ஒரு வரி வசனம் எழுதியதில்லை. நடந்ததை நடந்தபடி காட்டுகிற நிகழ்ச்சிகளை மட்டுமே எழுதினாள், தயாரித்தாள். நடந்தது சரியாக நடக்கவில்லை என்றால் மறுபடி நடக்கவைப்பாள். அவ்வளவுதான்.

நிலையத்தில் நேருக்கு நேர் அவளுக்கு "மேடம்" என்று பெயர். முதுகுக்குப் பின்னால் "கத்தரி". அது அவளுக்கும் தெரியும். "எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டிருக்காங்க, பாவம். இருக்கட்டும், கத்தரிக்காய்னு வைக்காம விட்டாங்களே" என்பாள்.

முதலில் அவளை வேலைக்கு எடுத்தது விலங்குகள் நிகழ்ச்சிக்கு எழுதுவதற்கு. எங்கிருந்தோ வாங்கிய படச்சுருள்கள் வரும், பேச்சே இல்லாமல். அதற்கு யாராவது வார்த்தை போடவேண்டும். அவளுக்கு முன்னால் இருந்தவர் "இதோ மான் ஓடுகிறது, இதோ மான் நிற்கிறது" என்று எழுதிப் பத்து வருடம் ஓட்டியவர். சித்தி வந்த முதல் மாதமே மூன்று மான்களை எடுத்தாள். குட்டியை நக்குகிற மான் ஒன்று, ஓடுகிற மான் வேறொன்று, புதர் ஓரம் கழுத்தில் கடிபட்டுக் கிடந்தது மூன்றாவது. அது ஆண் மான்கூட. மூன்றையும் ஒட்டி ஒரு தாயாக ஆக்கினாள். ஒளிபரப்பான மறுநாள் தொலைபேசி ஓயவில்லை. பெண்கள் அழுதுகொண்டே குட்டி என்ன ஆச்சு என்று கேட்டார்கள். நிலையத்தின் தலைவர், எல்லோரும் பெரியவர் என்று கூப்பிடுபவர், அவளை அறைக்குள் அழைத்தார்.

"ஏம்மா, அது ஒரே மானா?"

"அழுதவங்களுக்கு ஒரே மான்தான் சார்."

பெரியவர் மனிதர்களைப் பற்றிய நிகழ்ச்சியை அவளிடம் கொடுத்தார். மானுக்கே இவ்வளவு செய்தவள் மனிதனை விடுவாளா?

அந்த நிகழ்ச்சிக்கு "பக்கத்து வீடு" என்று பெயர். அவள் வேலை செய்த விதத்தை நான் பிறகு பலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதலில் தனியாகப் போவாள், கேமரா இல்லாமல். அந்த வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள், துணி மடிப்பாள், குழந்தைக்குச் சளி சிந்திவிடுவாள். கேள்வியே கேட்கமாட்டாள். அவர்களாகவே எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். பிறகுதான் கேமரா வரும். அப்போது அதையே இரண்டாம் முறை சொல்வார்கள். முதல் முறை சொல்லும்போது அழுகை கண்ட இடத்தில் வரும், இரண்டாம் முறைதான் வரவேண்டிய இடத்தில் வரும் என்பது அவள் கண்டுபிடிப்பு.

ஒரு தச்சர் கதை நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். மனைவி விட்டுப்போனதை அவர் "பக்கத்து வீட்டில்" சொன்னார். அதன்பிறகு தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் அவரைத் துக்கம் விசாரித்தான், சிலர் சிரித்துக்கொண்டே விசாரித்தார்கள். மனிதர் பொறுக்கமுடியாமல் சண்டை போடவே நிலையத்துக்கு வந்தார். சித்தி அவரை உட்காரவைத்து, டீ வரவழைத்து, ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டாள். அவர் மூச்சு வாங்க நிறுத்தியதும், "இதை இதே மாதிரி இன்னொரு தடவை சொல்றீங்களா? கேமரா வெச்சுக்கலாம்" என்றாள். தச்சர் டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். சித்திக்கு உண்மையிலேயே புரியவில்லை. "நல்லாத்தானே சொல்லிட்டிருந்தாரு?" என்று எடிட்டரைக் கேட்டாளாம்.

என் அம்மா அவளுக்கு அக்கா. பெற்றவர்கள் சீக்கிரம் போய்ச் சேர்ந்ததால் அம்மா படிப்பை விட்டு வேலைக்குப் போய் அவளைப் படிக்கவைத்தாள். "தாய் மாதிரி வளர்த்தா" என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். அம்மா சொல்லமாட்டாள். எனக்குத் தாயாக இருக்கவே அவளுக்கு நேரம் போதவில்லை. அப்பா இறந்ததும் ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஆயாக்களுக்கு மேற்பார்வையாளராக உயர்ந்தாள். நான் ஊர் ஊராகச் சுற்றக் கிளம்பியபோது அவளுக்கு அங்கேயே, துணி வெளுக்கும் கூடத்துக்குப் பின்னால், ஒரு அறை கொடுத்திருந்தார்கள்.

அந்த அறையைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் மோட்டார் வைத்த தகரக் கொட்டகை. வேறு காட்சி கிடையாது. ஆனால் அம்மா வாழ்க்கையில் முதல்முதலாகத் தனியாகப் படுத்தது அங்கேதான். பிறந்த வீட்டில் தங்கையோடு, புகுந்த வீட்டில் மாமியார் நாத்தனாரோடு, பிறகு என்னோடு. நான் எங்கிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாலும் அவள் சொல்கிற சமாச்சாரம் அந்த அறைதான். திரை மாற்றினாளாம். சுவருக்கு வெள்ளை அடித்தாளாம். "கதவைச் சாத்தினா யாரும் தட்டமாட்டாங்கடி" என்றாள் ஒருமுறை, ஏதோ திருட்டுப் பொருளைப் பற்றிச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தி. வேலை முடியும் வரை அது அவள் அறை. வேலை போனால் அறையும் போகும்.

சித்திக்கு அப்போது கெட்ட காலம். பெரியவர் ஓய்வு பெற்றுப் போய், புது மேலாளர் வந்திருந்தார், சித்தி தொழிலுக்கு வந்தபோது பிறந்திருக்கக்கூட மாட்டார். "பக்கத்து வீடு" பழசாகிவிட்டது, அந்த நேரத்துக்கு ஒரு நடனப் போட்டி போடலாம் என்று அவர் யோசனை. ஒரே ஒரு பெரிய நிகழ்ச்சி, ஊரே பேசுகிற மாதிரி, செய்துகாட்டுங்கள் என்றார். சித்தி அன்று சாயங்காலம் அக்கா அறைக்கு வந்து கட்டிலில் படுத்துக்கொண்டாள். அம்மா தலையைக் கோதிவிட்டாள். தங்கைக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று தன் கஷ்டத்தைச் சொன்னாள். மத்தியானம் ஆள் குறைவாக இருக்கும்போது எழுந்து நடக்கிற முதியவர்களின் கைகளைக் கிழிந்த போர்வையால் கட்டிலோடு கட்டிவிடுகிறார்கள், தான் முதலாளியிடம் சொல்லிப் பார்த்ததற்கு, "கீழ விழுந்து இடுப்பு ஒடிஞ்சா நீங்க பாத்துக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

சித்தி எழுந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இதை நீ சொல்லணும்."

"சொல்லிட்டேனே இப்ப."

"என்கிட்ட இல்ல. எல்லார்கிட்டயும்."

"என் ரூம் போயிடும்டி."

"முகம் தெரியாது. பேர் வராது. குரலை எடுத்துட்டு வேற ஒரு பொம்பளையை வெச்சுப் படிக்கவெச்சிடறேன். அதுல ஆளே நீ இல்ல, போதுமா?"

"உன் வேலைக்கு உதவுமா?"

"அந்தக் கிழவங்களுக்கு உதவும்க்கா" என்றாள் சித்தி. அதுவும் உண்மைதான். அவள் பொய் சொல்லமாட்டாள் என்றேனே.

பேட்டியை அந்த அறையிலேயே எடுத்தார்கள், விடுமுறை நாளில், ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி அம்மாவை உட்காரவைத்து. இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பேட்டி முடிந்ததும் யாரும் அசையாமல், பேசாமல், அந்த அறை சும்மா இருக்கும்போது எழுப்புகிற சத்தத்தைக் கொஞ்சம் பதிவு செய்துகொள்வார்கள். எந்த அறையும் முழு அமைதியாக இருக்காது. மின்விசிறி இருக்கும், தெரு இருக்கும். வெட்டி ஒட்டிய இடம் தெரியாமல் இருக்க, பேச்சுக்கு அடியில் அந்தச் சத்தத்தை விரித்துவிடுவார்கள். அம்மா அறை சும்மா இருக்கும்போது எழுப்பிய சத்தம் மோட்டார். அது சாதாரண மோட்டார் இல்லை. இருமும், இருமி இருமி, நின்றுவிட்டது என்று நினைக்கும்போது நீளமாக விசிலடிக்கும்.

எடிட்டர் அதைக் கேட்டதுமே சொல்லியிருக்கிறார். அவர் என்னிடம் ஒப்பித்ததை அப்படியே தருகிறேன்.

"மேடம், இந்த மோட்டாரை எடுத்துடலாம். அங்க வேலை செய்றவங்களுக்கு அடையாளம் தெரியும்."

"ஊர்ல மோட்டாரே இல்லையா?"

"இருமுற மோட்டார் எத்தனை இருக்கு?"

"அது இல்லாம ஓட்டுங்க, கேப்போம்." ஓட்டியிருக்கிறார். "கேட்டீங்களா? கிணத்துக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி இருக்கு. வேற குரல்னு பச்சையா தெரியுது. பாக்கறவன் நாடகம்னு நினைச்சுட்டான்னா கையைக் கட்டினதும் நாடகம்தான். மோட்டார் இருக்கட்டும்."

"வேற ரூம் சத்தம் போடலாம். என்கிட்ட நிறைய இருக்கு."

"வேற ரூம் சத்தத்தை இந்த ரூமுக்குப் போட்டா அது பொய்" என்றாளாம் சித்தி.

மூன்று மானை ஒரு மானாக்கியவள் சொன்னது இது. எடிட்டர் சிரித்தாராம். சித்தி சிரிக்கவில்லை.

ஒளிபரப்பான மாலை இல்லத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பெயர் வராவிட்டாலும் ஏதோ ஒரு முதியோர் இல்லத்தைப் பற்றி என்று விளம்பரம் வந்திருந்தது. முதலாளியும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று அம்மாவும் போய்க் கடைசியில் உட்கார்ந்தாள். திரையில் ஒரு கருத்த முதுகு, யாரோ ஒருத்தியின் குரல். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்போது துணி வெளுக்கிறவர், கள்ளமில்லாத மனிதர், கூடமே கேட்கும்படி சந்தோஷமாகக் கத்தினார்: "அட, நம்ம மோட்டாரு!"

ஆயாக்கள் சிரித்தார்கள். மோட்டார் டிவியில் வந்துவிட்டது என்று ஒருத்தி கைகூடத் தட்டினாள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அந்தக் கொட்டகைக்குப் பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு அறை. முதலாளி திரும்பிப் பார்க்கவில்லை. "அந்த மோட்டாரை ரிப்பேர் பண்ணச் சொல்லி நானும் சொல்லிட்டே இருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

நான் ஊர் திரும்பியது அதற்கு மறுநாள். முதுகுப்பையை இறக்கிவைக்கக்கூட இல்லை, அம்மா சித்தியோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணணுமாம்... இல்ல, கத்தலாம் இல்ல... மரியாதையாத்தான் சொன்னாரு."

அந்தப் பக்கத்திலிருந்து சித்தியின் குரல் எனக்கும் கேட்டது. "காலையிலயா, சாயங்காலமா?"

"எப்ப வேணா பண்ணலாம்."

"காலையில வெச்சுக்கோ. எட்டு மணிக்கு மேல. நான் வண்டியோட வர்றேன்."

அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். வந்த மகளை எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. "பாத்தியா? என்ன இருந்தாலும் ரத்தம். வண்டி கொண்டுவர்றேன்னுட்டா" என்றாள்.

வண்டி வந்தது. அதில் கட்டில் ஏற்ற இடமில்லை. விளக்குகள், முக்காலிகள், சுருட்டிய கம்பிகள், கேமராக்காரர், அவருக்கு உதவியாள். சித்தி இறங்கி நேராக வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அழுதாள். நடிப்பில்லை, அவள் மூக்கெல்லாம் சிவந்துவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். நானும் அம்மாவும் ஏற்கெனவே கட்டிலை வெளியே போட்டிருந்தோம்.

"அய்யோ, எடுத்துட்டீங்களா?"

"எட்டு மணின்னியே, அதான் முன்னாடியே..."

"பரவால்லக்கா. கட்டிலை மறுபடி உள்ள வை."

நான் சொன்னேன், "சித்தி, இது என்ன கூத்து?"

"கூத்தில்லடி. உங்கம்மாவைத் தெருவுல நிறுத்தினவன் முகத்துல ஊர் காறித் துப்பணுமா வேண்டாமா? இப்ப மறைக்க என்ன இருக்கு? வேலையும் போச்சு, ரூமும் போச்சு. நீ கொஞ்சம் தள்ளி நில்லு."

"நான்தானே ஒரு பக்கம் பிடிக்கறேன்?"

"அதான் சொல்றேன். கூட மகள் இருந்தா பரிதாபம் பாதியாயிடும்."

அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னாள், "விடும்மா. அவ வேலை அது."

நானும் கேமராக்காரரும் கட்டிலை உள்ளே கொண்டுபோய் வைத்தோம். அம்மா தனியாக அதை வெளியே இழுத்தாள். வாசற்படியில் கால் தட்டி நின்றது. "அருமைக்கா, ஆனா வெளிச்சம் முகத்துல விழல. இன்னொரு தடவை." இரண்டாவது முறை வெளுக்கும் கூடத்து ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்து கேமரா காட்சிக்குள் விழுந்தார்கள். மூன்றாவது முறை அம்மாவால் முடியவில்லை. படியில் கட்டிலோடு உட்கார்ந்துவிட்டாள். தலையைக் கட்டில் சட்டத்தில் சாய்த்துக்கொண்டாள். சித்தி கேமராக்காரரின் முழங்கையை விரலால் தொட்டாள், நிறுத்தாதே என்று.

கட்டிலைக் கடைசியில் வேறு வண்டி பிடித்து நான்தான் ஏற்றினேன். அதை வைக்க இடமில்லாமல் போகிற வழியில் பழைய சாமான் கடையில் போட்டோம். சித்தி வீட்டுக் கூடத்து சோபாதான் அம்மாவுக்குப் படுக்கை.

இரண்டாவது படம் வரப்போகிறது என்ற செய்தி கசிந்த வாரமே இல்லத்து முதலாளி அம்மாவைக் கூப்பிட்டார். மனிதர் பயந்திருந்தார். வேலை திரும்பத் தருகிறேன், அறையையும் தருகிறேன், கைகளைக் கட்டுவதை நிறுத்திவிடுகிறேன், நீங்களே மேற்பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் படம் மட்டும் வேண்டாம் என்றார். அம்மா தொலைபேசியை வைத்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த வெள்ளையடித்த சுவர் அதில் தெரிந்தது.

சித்தி வரும்வரை அம்மா சோபாவில் உட்காரவே இல்லை. வந்ததும் சொன்னாள். சித்தி செருப்பைக்கூடக் கழற்றாமல் முழுவதும் கேட்டாள்.

"எழுதிக் கொடுப்பானா?"

"கொடுக்கறேன்னாரு."

"அக்கா, அவன் ஒரு வருஷத்துல உன்னை வேற காரணம் சொல்லி அனுப்புவான்."

"ஒரு வருஷம் இருந்துட்டுப் போறேனே."

"ஒளிபரப்பு தேதி குடுத்தாச்சு. நான் இப்ப வேண்டாம்னா அந்தப் பையன் நாளைக்கே டான்ஸ் போட்டிருவான். என்னை வீட்டுக்கு அனுப்பிருவான்."

"உனக்கு வீடு இருக்குல்ல" என்றாள் அம்மா.

அவள் தன் தங்கையிடம் கடுமையாகப் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். அதிலும் கடுமை இல்லை. சந்தேகம் கேட்பதுபோல்தான் கேட்டாள். சித்தி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். "என் வீடு உன் வீடு இல்லையா? நான் இருக்கறவரைக்கும் நீ ஏன்க்கா இன்னொருத்தன் குடுக்கற ரூமுக்கு ஏங்கணும்?" அம்மாவிடம் அதற்குப் பதில் இல்லை. சரி என்றும் சொல்லவில்லை. சித்தி அதையே சரி என்று எடுத்துக்கொண்டாள். பேசாமல் இருப்பதை வேண்டிய அர்த்தத்துக்கு வெட்டிக்கொள்வது அவள் தொழில்.

படம் வந்தது. ஊர் பேசியது. இல்லத்தின் வாசலில் கூட்டம் கூடிக் கண்ணாடிகளை உடைத்தது. கொஞ்ச நாளில் முதலாளி இடத்தை விற்றுவிட்டுப் போனார். முதியவர்களின் கைகள் அவிழ்ந்தன. அவர்களைக் கொண்டுவந்து விட்ட பிள்ளைகளே திரும்ப வந்து, முணுமுணுத்துக்கொண்டு கூட்டிப்போனார்கள். சித்திக்கு விருது கிடைத்தது. நடனப் போட்டி வேறு நேரத்துக்குப் போனது.

ஒளிபரப்பை நாங்கள் மூவரும் சேர்ந்துதான் பார்த்தோம். படியில் கட்டிலோடு உட்காருகிற காட்சி வந்ததும் அம்மா முன்னால் குனிந்து உன்னிப்பாகப் பார்த்தாள். "மூணாவது தடவைதான் நல்லா வந்திருக்கு, இல்ல?" என்றாள். "நான் சொன்னேன்ல?" என்றாள் சித்தி.

அதன்பிறகு அம்மா வேறு இல்லங்களில் வேலை கேட்டுப் போனாள். நானும் இரண்டு இடங்களுக்குக் கூடப் போனேன். எல்லா இடத்திலும் அவளை அடையாளம் தெரிந்தது. எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள், நீங்கள் செய்தது பெரிய காரியம் என்றார்கள். ஒரு நிர்வாகி அவளோடு புகைப்படம் எடுத்துக்கொண்டார். வேலை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. வீட்டுக்குள் கண்ணைத் திறந்துவைத்திருக்கிற ஆளை எவன் வீட்டுக்குள் விடுவான்?

நான் மறுபடி கிளம்பினேன். என்னால் ஒரு இடத்தில் இருக்கமுடியாது. ஒரு வருடத்துக்கு மேல் கழித்துத் திரும்பியபோது அம்மா சித்தி வீட்டில் சமைத்தாள், துவைத்தாள், வருகிறவர்களுக்கு டீ கொடுத்தாள். வருகிறவர்கள் நிறையப் பேர். சித்தி இப்போது இளையவர்களுக்கு வகுப்பெடுக்கிறாள். டீயை வாங்கிக்கொண்டதும் அவர்கள் அம்மாவின் முகத்தைப் பார்த்துத் திடுக்கிடுவார்கள். "இவங்கதான்" என்பாள் சித்தி பெருமையாக. "உக்காருக்கா, அந்த மோட்டாரைச் சொல்லு." அம்மா தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொல்வாள்.

நான் வந்த நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அம்மா சித்தியிடம் ஒன்று கேட்டாள். பழைய ஒளிநாடாக்களை அடுக்கிவைத்திருந்த சின்ன அறையில் தான் படுத்துக்கொள்ளட்டுமா, அதற்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தரமுடியுமா என்று.

"இதைக் கேக்கவா இத்தனை நாள் தயங்கின?" என்றாள் சித்தி. மறுநாள் காலையிலேயே ஆளைக் கூப்பிட்டு, நல்ல பித்தளைத் தாழ்ப்பாளாகப் பார்த்துப் போட்டுக்கொடுத்தாள். நாடாக்களைத் தானே சுமந்து வேறிடத்துக்கு மாற்றினாள். அவளைக் கெட்டவள் என்று ஒரே வார்த்தையில் சொல்ல என்னால் முடியாமல் போவது இந்த மாதிரி இடங்களில்தான்.

அடுத்த வாரம் அவளுடைய மாணவர்கள் நான்கைந்து பேர் வந்தார்கள். அம்மா டீயை மேசையில் வைத்துவிட்டு, அவர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அந்த அறைக்குள் போனாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

சித்தி எழுந்துபோய் மெதுவாகத் தட்டினாள். "அக்கா. இவங்க உன்னைப் பாக்கத்தான் வந்திருக்காங்க."

பதில் இல்லை.

"அக்கா, ரெண்டே நிமிஷம்."

உள்ளே கட்டில் இல்லை, பாய்தான். அதனால் அம்மா உட்கார்ந்திருந்தாளா, படுத்திருந்தாளா, கதவுக்கு மறுபக்கம் நின்றுகொண்டிருந்தாளா என்று சத்தத்தை வைத்துச் சொல்லமுடியவில்லை. சித்தி கதவில் உள்ளங்கையை வைத்தபடி கொஞ்சம் நின்றாள். அவள் முகம் வாடிப்போனது; அதை நான் பார்த்தேன். பிறகு அது மெல்ல மாறியது. வந்தவர்கள் பக்கம் திரும்பி, நிகழ்ச்சிக்குப் பேசுகிற அந்தத் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"திறக்கமாட்டா. அன்னிலேருந்து இப்படித்தான். ஒரு கதவுக்குப் பின்னாடியேதான் இருக்கா."

தாழ்ப்பாள் போட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

மாணவர்கள் கோப்பைகளைக் கீழே வைத்தார்கள். எல்லோரும் அந்தக் கதவைப் பார்த்தார்கள். ஒரு பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொருவன் தயங்கித் தயங்கித் தன் கைபேசியை எடுத்து, எடுக்கலாமா என்று கண்ணால் கேட்டான். சித்தி தலையசைத்தாள். அவன் தோளைப் பிடித்து ஜன்னலை மறைக்காதபடி கொஞ்சம் இடதுபக்கம் நகர்த்தி நிறுத்திவிட்டு, கதவை இன்னொரு முறை தட்டினாள்.